மிரர் செய்த பார்ட்டை ஏன் திருத்த முடியவில்லை?

கேள்வி: சிறிய ஷீட் மெட்டல் பட்டறை நடத்துகிறேன். பிராக்கெட் ஆர்டர் பெரும்பாலும் எல்.ஹெச். (இடப்பக்கம்), ஆர்.ஹெச். (வலப்பக்கம்) என்று ஜோடியாகத்தான் வரும். "ஒன்றை வரைந்தால் போதும், இன்னொன்று மிரரில், கண்ணாடி பிம்பம்போல் வந்துவிடும்" என்று சொல்லித்தான் டீலர் கேட் (கணினியில் வரையும்) சாஃப்ட்வேரை விற்றார். வருகிறது, ஆனால் ஆர்.ஹெச். பார்ட்டைத் திறந்தால் ஸ்கெட்ச், டைமென்ஷன் எதுவுமே இல்லை. ஒரு ஓட்டையைக்கூட நகர்த்த முடியவில்லை. இதைவிட விலை கூடிய சாஃப்ட்வேருக்கு மாறலாமா?

பதில்: இதற்காக மட்டும் என்றால் மாறாதீர்கள். டீலர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர் இரண்டிலும் வழக்கமான மிரர் பார்ட் இப்படித்தான். அசலின் முடிந்த வடிவம் மட்டுமே ஆர்.ஹெச்.சுக்கு வரும். அசலில் ஓட்டையை நகர்த்தினால் இங்கேயும் நகரும். இங்கே புதிதாக ஓட்டை போடலாம், வெட்டலாம். ஏற்கெனவே இருப்பதன் அளவை மாற்ற அசலுக்குத்தான் போக வேண்டும். காசில்லாமல் கிடைக்கும் ஃப்ரீகேடின் பார்ட் மிரரும் இதே கதைதான்.

ஃபீச்சர்களோடு, அதாவது திருத்தக்கூடிய ஸ்கெட்ச், ஓட்டை, வெட்டு எல்லாவற்றோடும் மிரர் செய்யவும் வழி உண்டு. சாலிட்வொர்க்ஸில் மிரர் செய்யும்போதே அசலோடு உள்ள இணைப்பைத் துண்டிக்கும் தேர்வு இருக்கிறது. கிரியோ சாஃப்ட்வேரிலும் ஃபீச்சர்களுடன் மிரர் எடுக்கலாம். ஆனால் அதன்பின் இரண்டும் தனித்தனி பார்ட். கஸ்டமர் டிராயிங்கைத் திருத்தி அனுப்பினால் இரண்டிலும் கையால் மாற்ற வேண்டும். ஒன்றில் மறந்தால் அந்த லாட் ஸ்கிராப். ஜோடி பிராக்கெட் தொழிலுக்கு இணைப்பை வைத்துக்கொள்வதே மேல் என்பேன்.

எல்.ஹெச்.சில் இருக்கும் ஓட்டை ஆர்.ஹெச்.சில் வேறு இடத்தில் வர வேண்டுமா? இரண்டுக்கும் பொதுவான வடிவத்தை மட்டும் தனி ஃபைலில் வரையுங்கள். அதை இணைப்போடு ஒரு புது ஃபைலுக்குள் அப்படியே கொண்டுவந்தால் எல்.ஹெச்., இன்னொன்றுக்குள் மிரராகக் கொண்டுவந்தால் ஆர்.ஹெச். வேறுபடும் ஓட்டைகளை அந்தந்த ஃபைலில் போடுங்கள், அங்கேயே திருத்தலாம். பொது ஃபைலின் பெயரையோ ஃபோல்டரையோ சாஃப்ட்வேருக்கு வெளியிலிருந்து மாற்றிவிடாதீர்கள். இணைப்பு அறுந்துவிடும், வடிவம் அப்படியே இருப்பதால் சட்டென்று கண்ணில் படாமல் போகலாம், அப்டேட் மட்டும் நின்றுபோயிருக்கும்.

உங்கள் தொழிலுக்கு இன்னொன்று: சாலிட்வொர்க்ஸில் மிரர் செய்யும்போது ஷீட் மெட்டல் தகவலையும் கொண்டுவரும் தேர்வை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் வெறும் சாலிட்தான் வரும், ஃபிளாட் பேட்டர்னை (மடிப்பதற்கு முந்தைய தகட்டின் விரித்த வடிவத்தை) நேரடியாக எடுக்க முடியாது. மரையை நிஜமாகவே சுருளாக வெட்டி வரைந்திருந்தால் மிரரில் அது இடது மரையாகிவிடும். பொறித்த எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிடும். இவற்றை மிரருக்குப் பிறகு சேர்ப்பதுதான் சரி. அசெம்பிளியை மிரர் செய்யும்போது போல்ட், பேரிங் போன்ற கடைச் சரக்குகளுக்கு மிரர் பிரதி எடுக்காதீர்கள், அதே பார்ட்டையே திருப்பி வைத்தால் போதும்.

எப்போதாவது வேறு சாஃப்ட்வேர் பார்த்தால், டீலரின் மாதிரி ஃபைலில் டெமோ பார்க்காதீர்கள். உங்கள் பிராக்கெட் ஒன்றைக் கொடுத்து, மிரர் செய்து, அசலில் ஒரு அளவை மாற்றி, ஆர்.ஹெச்.சின் ஃபிளாட் பேட்டர்னை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.