வாசகர் கேள்வி பதில்: ட்ரோன் முதுநிலைப் படிப்பு, யார் பாடம் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, ட்ரோன் பொறியியல் முதுநிலைப் படிப்பைப் பற்றித்தான். அதிலும் பலர் ஆசிரியர்களைப் பற்றிக் கேட்டிருந்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கட்டடம் எப்படி, லேப் எப்படி, வேலை கிடைக்குமா என்று விசாரிக்கிறவர்கள் அதிகம், வகுப்பில் நிற்கப்போவது யார் என்று விசாரிக்கிறவர்கள் குறைவு. நான் பல வருடம் ஃபிளைட் கன்ட்ரோலருக்கு, அதாவது ட்ரோனை நிலையாகப் பறக்கவைக்கும் குட்டிக் கணினிக்கு, சாஃப்ட்வேர் எழுதும் வேலையில் இருந்துவிட்டு, இப்போது கௌரவ விரிவுரையாளராக வகுப்பெடுக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: இளநிலை மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். ட்ரோன் பொறியியல் முதுநிலைக்கு இரண்டு இடங்களில் சீட் கிடைத்திருக்கிறது. ஒன்றில் ஆசிரியர் பட்டியல் மிக நீளம், எல்லோரும் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். இன்னொன்றில் ஆறே பேர், அதில் இரண்டு பேருக்கு முனைவர் பட்டம் இல்லை. முதல் இடம்தான் நல்லது என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: பட்டியலின் நீளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். புதிதாக ஒரு படிப்பு தொடங்கும்போது, ஏற்கெனவே இருக்கிற துறையின் ஆசிரியர் பட்டியலை அப்படியே தூக்கி அதில் போட்டுவிடுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தப் பேராசிரியர்கள் அவரவர் துறையில் பெரியவர்களாகவே இருக்கலாம், ஆனால் உங்களுக்கு ஒரு பாடமாவது நடத்துவார்களா என்பது வேறு விஷயம். கடைசி ஐந்து வருடத்தில் அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். அதில் ஏதாவது நிஜமாகப் பறந்ததா, இல்லை எல்லாமே சிமுலேஷனோடு முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அப்புறம், இறக்கையும் ப்ரொபெல்லரும் தெரிந்தவர், கன்ட்ரோல் தெரிந்தவர், சர்க்யூட்டும் எம்பெடட் புரோகிராமும் தெரிந்தவர், கேமரா படத்திலிருந்து வழி கண்டுபிடிக்கச் சொல்லித்தரக்கூடியவர், பறக்கவிடுகிற நடைமுறையும் பாதுகாப்பு விதிகளும் தெரிந்தவர் என்று ஆறு பேருக்குள் இத்தனையும் அடங்கியிருந்தால், ஒரே விஷயத்தை ஆராய்கிற இருபது பேரைவிட அந்த ஆறு பேர் உங்களுக்கு அதிகம் உதவுவார்கள்.

நேரில் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இங்கே கடைசியாக எந்த ட்ரோன் விழுந்தது, ஏன் விழுந்தது?' எதுவுமே விழுந்ததில்லை என்று சொன்னால், அங்கே பறக்கவிடுவதே அபூர்வம் என்று எடுத்துக்கொள்ளலாம். விழுந்த கதையை ஒருவர் கண் விரியச் சொல்லி, லாகை (பறக்கும்போது ட்ரோன் தானே எழுதிவைக்கிற பதிவை) திறந்து காட்டுகிறார் என்றால் அந்த இடத்தை விடாதீர்கள்.

நான் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், இதைத்தான் தேட வேண்டும் என்பது புரியும். மாணவர்கள் கட்டிய ஆறு மோட்டார் ட்ரோன் ஒன்று. ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கும்படி மோடை மாற்றினார்கள். பத்து விநாடி நின்றது, பிறகு மெல்ல வட்டம் போட ஆரம்பித்தது, வட்டம் விரிந்துகொண்டே போனது, ஒரு மாணவி சட்டென்று மேனுவலுக்கு மாற்றி இறக்கினார். இறங்கிய வேகத்தில் ஒரு கால் உடைந்தது. எல்லோரும் ஜிபிஎஸ் சரியில்லை என்றார்கள். அங்கிருந்த ஆசிரியர், முனைவர் பட்டம் இல்லாதவர், தொழிலிலிருந்து வந்தவர், பதில் சொல்லவே இல்லை. லாகைத் திரையில் போட்டு, பேட்டரியிலிருந்து போன கரண்ட்டின் கோட்டையும் திசைகாட்டி சென்சார் அளந்த காந்தப்புலத்தின் கோட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கச் சொன்னார். கரண்ட் ஏறும்போதெல்லாம் காந்தப்புலமும் கூடவே ஏறியிருந்தது. 'பேட்டரி ஒயர் எந்தப் பக்கமா போகுது?' என்று கேட்டார். ஒரு பையன் ட்ரோனைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தான். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் தனித்தனியாக, திசைகாட்டிக்கு ஒரு விரல் அகலம் கீழே ஓடிக்கொண்டிருந்தன. கரண்ட் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் அது அவர்கள் கையில் வந்தது. இரண்டு ஒயரையும் முறுக்கிக் கட்டி, திசைகாட்டியை ஒரு சின்னக் கம்பத்தின் மேல் உயர்த்தி வைத்தார்கள். மாலையில் அதே ட்ரோன் ஆணி அடித்ததுபோல் நின்றது.

இதோடு முடியவில்லை. மறுநாள் கன்ட்ரோல் பேராசிரியர் அதே லாகோடு வகுப்புக்கு வந்தார். ட்ரோன் தன் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தப்பாக நினைத்தால், இடம் விலகும்போது அது கொடுக்கிற திருத்தமும் அதே கோணத்துக்குத் திரும்பிப் போகும், அதனால்தான் நேராகத் திரும்பி வராமல் சுழல்கிறது, கோணப் பிழை ஓர் அளவைத் தாண்டினால் வட்டம் அடங்காமல் பெருகும், அந்த அளவு எது என்று போர்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒயரைக் கண்டுபிடித்தவரும் கணக்கைப் போட்டவரும் ஒரே லாகை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் பேசுகிறார்களே, அதுதான் ஒரு நல்ல ஆசிரியர் குழு. உங்கள் இரண்டாவது இடத்தில் அப்படி ஒரு பேச்சு நடக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நடக்கிறது என்றால் வீட்டில் தைரியமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: விமானப் பொறியியல் பேராசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பறப்பது எல்லாம் ஒன்றுதானே, ட்ரோனுக்கென்று தனியாக ஆசிரியர்கள் எதற்கு?

பதில்: அவர்கள் கட்டாயம் வேண்டும், ஆனால் அவர்கள் மட்டும் போதாது. காற்று எப்படி ஓடும் என்பதை வேகம், அளவு, காற்றின் பிசுபிசுப்பு இவற்றை வைத்துச் சொல்கிற ரெய்னால்ட்ஸ் எண், பயணிகள் விமானத்தின் இறக்கையில் கோடிக்கணக்கில் இருக்கும், சின்ன ட்ரோனின் ப்ரொபெல்லரில் அது சில பத்தாயிரங்களிலிருந்து லட்சம் வரைதான். அங்கே காற்று நடந்துகொள்கிற விதமே வேறு, பெரிய விமானத்துக்கான அட்டவணைகளை அப்படியே எடுத்துப் போட்டால் கணக்கு தப்பும்.

அதைவிடப் பெரிய காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. நான்கு சுழலிகளை வைத்துப் பறப்பது புது யோசனையே கிடையாது. 1907-ல் பிரான்ஸில் பிரெகே சகோதரர்களும் ரிஷேயும் செய்த இயந்திரம் தரையைவிட்டு எழும்பியது, ஆனால் அது கவிழாமல் இருக்க நான்கு மூலையிலும் ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. 1920-களில் எமிஷன் என்ற பொறியாளர் பிரான்ஸிலும் பொதெஸா என்ற பொறியாளர் அமெரிக்காவிலும் இன்னும் நன்றாகவே பறந்து காட்டினார்கள், ஆனாலும் அந்த வடிவம் நிலைக்கவில்லை. நான்கு மூலையையும் கணத்துக்குக் கணம் திருத்திக்கொண்டே இருப்பது மனிதக் கைக்கு அவ்வளவு சிரமமான வேலை. விரல் நகத்தைவிடச் சின்ன சில்லுக்குள், சுழலும் வேகத்தை அளக்கிற கைரோஸ்கோப் வந்து, விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை கணக்குப் போடுகிற குட்டிக் கணினி வந்த பிறகுதான் இது எல்லோர் கைக்கும் வந்தது. அந்த ஆட்கள் மூலையில் நின்று செய்த வேலையை இப்போது செய்வது சென்சாரும் சாஃப்ட்வேரும்தான். 1960-ல் கால்மன் என்ற பொறியாளர் வெளியிட்ட ஃபில்டர், தாறுமாறான பிழை கலந்த சென்சார் அளவுகளிலிருந்து உண்மை நிலையை ஊகிக்கிற முறை, இன்றைக்குப் பெரும்பாலான ஃபிளைட் கன்ட்ரோலர்களில் ஏதோ ஒரு வடிவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் பிழையறச் சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் முதுநிலைப் படிப்பு நடத்துவது மாணவர்களுக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, ஒரு துறைக்காரர் செய்யும் மாற்றம் இன்னொருவர் தலையில் விடியும். அதே ப்ரொபெல்லரோடு ட்ரோனின் எடை 20 சதவீதம் கூடினால், அந்தரத்தில் நிற்கத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய 31 சதவீதம் கூடும், ஏனென்றால் அது எடையின் 1.5 அடுக்குக்கு (எடையை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கியதற்கு) ஏற்ப ஏறுகிறது. ட்ரோனின் உடற்சட்டகத்தை உறுதியாக்கச் சொல்லித்தருகிறவரும் பேட்டரியைப் பற்றிச் சொல்லித்தருகிறவரும் ஒரே ப்ராஜெக்டைச் சேர்ந்து பார்க்காவிட்டால் மாணவனுக்கு இந்த விலை தெரியவே தெரியாது.

என் வகுப்பில் இரண்டு முழு மணி நேரம் நான் ஒதுக்குவது, செவ்வாயில் பறந்த நாசாவின் குட்டி ஹெலிகாப்டர் இன்ஜென்யுயிட்டியின் ஆறாவது பறப்புக்கு. 2021 மே 22. பத்து மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 54-வது விநாடியில், கேமராவிலிருந்து வந்துகொண்டிருந்த படங்களில் ஒரே ஒரு படம் தொலைந்துபோனது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு படமும் தப்பான நேரத்தைச் சுமந்து வந்தது. தான் இருக்கும் இடத்தைப் பற்றி அதற்கு ஒரு தப்பான எண்ணம், அதைத் திருத்தத் திருத்த முன்னும் பின்னுமாகச் சாய்ந்து ஆடியது. ஆனாலும் பத்திரமாக இறங்கியது. கடைசியாக இறங்குகிற கட்டத்தில் கேமராவை நம்ப வேண்டாம் என்று முன்பே வடிவமைத்திருந்தார்கள், ஆட்டத்தைத் தாங்குகிற அளவுக்குக் கன்ட்ரோலில் இடமும் விட்டிருந்தார்கள். இது எந்தத் துறையின் பாடம் என்று மாணவர்களிடம் கேட்பேன். ஏரோடைனமிக்ஸ் என்று ஒருவராலும் சொல்ல முடியாது, சாஃப்ட்வேர் என்று மட்டும் சொல்லவும் முடியாது. ட்ரோன் ஆசிரியர் என்று தனியாக ஒருவர் எதற்கு என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டு, வருகிற எல்லாப் பதிலையும் கையாளத் தெரிந்தவர் வேண்டும், அதற்குத்தான்.

கேள்வி: ட்ரோன் பைலட் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரை முதுநிலை ஆசிரியர் குழுவில் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். தேற்றம் நடத்துவது அவர் வேலையில்லை. காற்று எப்போது ஆபத்து, பேட்டரி எந்த அளவில் இறக்க வேண்டும், சிக்னல் போனால் ட்ரோன் என்ன செய்யும்படி செட் செய்திருக்கிறோம், ஆட்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தந்தால்தான் மனதில் பதியும். ஒன்றுமட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: 'இன்றைக்குப் பறக்கவிட வேண்டாம்' என்று அவர் சொன்னால் துறைத் தலைவரே ஆனாலும் கேட்க வேண்டும். அந்த அதிகாரத்தை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பத்து வருடமாக மோட்டார் கன்ட்ரோலர் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். பாடம் நடத்த ஆசை. முனைவர் பட்டம் இல்லை. வழி உண்டா?

பதில்: பேராசிரியர் பதவிக்குப் பல இடங்களில் முனைவர் பட்டம் கேட்பார்கள், ஆனால் கௌரவ விரிவுரையாளராகவோ, ப்ராஜெக்டுக்கு இணை வழிகாட்டியாகவோ நுழைய முடியும். நான் வந்த வழியும் அதுதான். நிறுவனத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, எரிந்துபோன போர்டுகள் நான்கைந்தைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த ஸ்லைடும் அதற்கு ஈடாகாது. ஆரம்பத்தில் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப்போவது ஒன்றுதான்: வேலையில் தப்பைப் பார்த்ததும் திருத்திவிடுவீர்கள், வகுப்பில் தப்பு எங்கே என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: கன்ட்ரோல் தியரியில் முனைவர் பட்டம் வாங்கி இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த செமஸ்டரிலிருந்து ட்ரோன் லேபைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நான் சிமுலேட்டருக்கு வெளியே ட்ரோனைத் தொட்டதே இல்லை, மாணவர்களில் சிலர் ரேஸ் ட்ரோனே ஓட்டுகிறார்கள். அவர்கள் முன்னால் நிற்கவே பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பயப்படுகிறீர்கள் என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் சுழலுகிற ப்ரொபெல்லரைப் பார்த்துப் பயமே இல்லாத ஆசிரியரிடம் மாணவர்களை விட எனக்கு மனம் வராது.

செமஸ்டர் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது இல்லையா, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன ட்ரோனை நீங்களே சால்டர் வைத்துக் கட்டுங்கள். வலைக்குள் வைத்துப் பறக்கவிடுங்கள், விழட்டும், மறுபடி கட்டுங்கள். சிமுலேட்டரில் வராத மூன்று விஷயம் உடனே கண்ணில் படும்: அதிர்வு, தாமதம், பேட்டரி இறங்க இறங்க மோட்டாரின் வேகம் குறைவது. பிஐடி-யில், அதாவது ட்ரோனை நிலையாக வைக்கிற கன்ட்ரோல் முறையில், பிழை மாறுகிற வேகத்துக்குப் பதில் கொடுக்கிற டி-யை (டெரிவேட்டிவை) கொஞ்சம் கூட்டிவிட்டு ஒரு நிமிடம் அந்தரத்தில் நிறுத்துங்கள். இறக்கி, பேட்டரியைக் கழற்றிய பிறகு மோட்டாரின் மேல் விரலை மெல்ல வைத்துப் பாருங்கள். சுடும். டெரிவேட்டிவ், சென்சார் அளவில் கலந்த தாறுமாறான ஏற்ற இறக்கத்தைப் பெருக்கும் என்று தீசிஸில் ஒரு வரியில் எழுதியிருப்பீர்களே, அதுதான் விரலில் சுடுகிறது. அந்த அதிர்வையெல்லாம் மோட்டார் துரத்திக்கொண்டே இருந்ததால் வந்த சூடு.

ரேஸ் ஓட்டுகிற மாணவர்களிடம் உங்களுக்குப் பறக்கவிடத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர்களில் ஒருவரிடம் கற்றுக்கொள்ளவும் செய்யுங்கள். டி-யைக் கூட்டினால் மோட்டார் சுடும் என்று அவர்களுக்குத் தெரியும், ஏன் சுடுகிறது, எவ்வளவு கூட்டலாம், எந்த அதிர்வெண்ணில் ஃபில்டர் போட்டால் எவ்வளவு தாமதம் சேரும் என்று கணக்காகச் சொல்ல அவர்களால் முடியாது. உங்களால் முடியும். அந்த இரண்டும் ஒரே மேஜையில் சந்திக்கட்டும்.

முதல் நான்கு வகுப்புக்கு ப்ரொபெல்லர் எல்லாவற்றையும் கழற்றி அலமாரியில் பூட்டி, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சுழலும் திசை, சென்சார் அளவு, ரிமோட் சிக்னல் போனால் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் ப்ரொபெல்லர் இல்லாமலே பார்த்து முடித்துவிடலாம். ஐந்தாவது வகுப்பில் வலைக்குள் முதல் பறப்பு. அது விழுந்தால், லாகை அன்றைக்கே எல்லோருமாக உட்கார்ந்து பாருங்கள். காரணம் பிடிபடாவிட்டால் இந்தப் பகுதிக்கு அனுப்பி வையுங்கள், நானும் பார்க்கிறேன்.