படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: வீட்டில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறேன். ஹாங்காங்கின் பழைய கை டாக் விமான நிலையத்துக்கு ஒரு சீனரி (அந்த இடத்தைச் சிமுலேட்டரில் காட்டும் கூடுதல் மென்பொருள்) விற்பனைக்கு வந்திருக்கிறது. படங்கள் பிரமாதம். வாங்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: விளம்பரப் படத்தில் டெர்மினல் கண்ணாடிதான் மின்னும். அதை நான் பார்ப்பதே இல்லை. கை டாக் 1998 ஜூலையில் மூடப்பட்டது. அதன்பின், அது இருந்த கவுலூன் பகுதியில் கட்டட உயரக் கட்டுப்பாடு தளர்ந்து கோபுரங்கள் முளைத்துவிட்டன; ஓடுபாதை முனையில் இப்போது கப்பல் முனையம். இன்றைய செயற்கைக்கோள் படத்தை வைத்து ஊரை வரையும் சிமுலேட்டர் என்றால், சீனரி இவற்றையெல்லாம் அகற்றியிருக்க வேண்டும். நான் முதலில் வாங்கியதில் அகற்றவில்லை. இறங்கும்போது விமானம் திரும்பும் இடத்தில் ஒரு அடுக்குமாடி நின்றது. காசு போனது போனதுதான்!

அடுத்து, கை டாக்கில் 13 என்று எண்ணிட்ட ஓடுபாதையில் இறங்கும் வீடியோ ஒன்றை விமானி இருக்கைக் கோணத்தில் தேடிப் பாருங்கள். சிவப்பு வெள்ளைச் சதுரம் தீட்டிய மலை சரியான இடத்தில் இருக்கிறதா? அதைக் கண்டதும் வலப்பக்கம் 47 டிகிரி திரும்பினால் ஓடுபாதை நேரே வர வேண்டும். அங்கே வழிகாட்டும் ரேடியோ கற்றை ஓடுபாதையை நோக்கி அல்ல, மலையை நோக்கித்தான் இருந்தது. சீனரியில் அந்தச் சிக்னல் இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

இரவுக் காட்சியையும் பாருங்கள். விமானிகள் குழம்பக் கூடாதென்று அந்தப் பக்கத்து நியான் பலகைகள் கண்சிமிட்டத் தடை இருந்தது. சீனரியில் சிமிட்டினால், செய்தவர் வீட்டுப்பாடம் படிக்கவில்லை.

சரி, கணினி திணறுமா? சோதனைப் பதிப்பு இருந்தால் கவுலூன் மேல் ஒருமுறை தாழப் பறந்து பார்த்துவிடுங்கள்.