யார் ஜெயித்தாலும் பொருளாதாரம் மாறாது என்கிறார்களே, உண்மையா?

பாதிதான் உண்மை. இலங்கையைப் பாருங்கள். 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச வென்றார்; அடுத்த மாதமே வற் வரி (பொருள், சேவை வாங்கும்போது கட்டும் பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. அரசின் வருமானம் சரிந்தது, கடன் தரமதிப்பீடு (கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கான மதிப்பெண்) இறங்கியது, வெளிச்சந்தையில் புதுக் கடன் கிடைக்கவில்லை. (கொரோனா சுற்றுலாவை முடக்கியதும் சேர்ந்துகொண்டது.) 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதே நின்றது. வாக்கு மாற்றத்தான் செய்தது, கெட்ட பக்கமாக!

2024 செப்டம்பரில் ஜனாதிபதியாக வென்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு அப்படி வரியைக் குறைக்கும் சுதந்திரம் இல்லை. 2023 மார்ச்சிலேயே சர்வதேச நாணய நிதியத்தோடு திட்டம் கையெழுத்தாகியிருந்தது. அதன்படி, வட்டி நீங்கலான உபரி (வட்டிச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் அரசின் வரவு செலவை மிஞ்சும் தொகை) 2025இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் இருக்க வேண்டியிருந்தது. அதனால், அவர் வருவதற்கு முன்பே உயர்த்தப்பட்டிருந்த வற் 18 சதவீதத்திலேயே நின்றது. ஆனாலும் மாதச் சம்பளத்துக்கான வரிவிலக்கு எல்லை 2025 ஏப்ரலில் 1 இலட்சத்திலிருந்து 1.5 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது.