தபால் தாத்தா பதில்கள்: ‘கு’ என்றால் மாவட்டமா?

கேள்வி: தென் கொரியாவில் வேலைக்குப் போயிருக்கும் என் மகன், ‘கியொங்கி-தோ, சுவோன்-சி, யோங்தோங்-கு, மேதான்-தோங்’ என்று விலாசம் அனுப்பியிருக்கிறான். இந்த ‘கு’ நம் தர்மபுரி மாதிரி மாவட்டமா? கலெக்டர் உண்டா? குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை அனுப்பணும்.
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: கலெக்டரெல்லாம் இல்லை தாயி. ‘தோ’ மாகாணம், ‘சி’ நகரம், ‘கு’ அந்த நகரத்துக்குள் ஒரு துண்டு. சென்னை மாநகராட்சியில் மண்டலம் என்கிறார்களே, ஏறக்குறைய அது. சுவோனில் நாலு ‘கு’. யோங்தோங் 2003இல் தனியாக வந்தது. கிருஷ்ணகிரி நம்மை விட்டுப் பிரிந்ததற்கு முந்தின வருஷம்.

இதில் ஒரு வேடிக்கை. சியோலில் உள்ள 25 ‘கு’விலும் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தனி மன்றமும் உண்டு. உங்கள் மகன் இருக்கும் ‘கு’வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுவோன் மேயர் நியமிக்கும் அதிகாரிதான் பார்த்துக்கொள்கிறார். இத்தனைக்கும் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் தலைமையகம் மேதானில்தான் இருக்கிறது. மாகாண அரசின் தலைமை அலுவலகமும் 2022இல் இந்தக் ‘கு’வுக்கே குடிவந்துவிட்டது. ஓட்டு மட்டும் வரவில்லை!

விலாசம் பெரிதில் தொடங்கிச் சிறிதில் முடிவதைக் கவனித்தீர்களா? முப்பது வருஷம் கடிதம் பிரித்தவனுக்கு அதைப் பார்த்தாலே சந்தோஷம். நாங்கள் கடைசி வரியிலிருந்து மேலே ஏறித்தான் படிப்போம்.

ஒரு இடத்தில் மட்டும் உஷார். ‘தோங்’ இரண்டு உண்டு. மேதான்-தோங் என்றால் பேட்டை. அடுக்குமாடி விலாசத்தில் ‘101-தோங் 1203-ஹோ’ என்று வந்தால் அந்தத் தோங் கட்டடத்தின் எண், ஹோ வீட்டு எண். என் பக்கத்து வீட்டுக்காரர், “அதான் தோங் ஏற்கெனவே எழுதியாச்சே” என்று பின்னதை விட்டுவிட்டார். அவர் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை, கல்யாணம் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து அவர் வாசலுக்கே திரும்பி வந்தது. கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான்.

2014 முதல் அங்கே தெருப்பெயரும் கதவு எண்ணும் உள்ள விலாசம்தான் முறையானது. மகனிடம் அதையும் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டையும் கேட்டு வாங்குங்கள். உறையில் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். கடைசி வரியில் வெறும் ‘கொரியா’ போதாது. ‘சவுத்’ சேர்த்தே எழுதுங்கள்.