பாட்டியின் பெயர் எப்போது புதுப்பெயர் ஆகும்?

பழைய பெயர்கள் ஏன் மறைந்து, பிறகு திரும்பி வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பெயருக்கு வயதாவதில்லை; அதைச் சுமப்பவருக்குத்தான் வயதாகிறது. பாட்டியின் பெயரைக் கேட்டால் மூட்டுவலித் தைல மணம் வரும். கொள்ளுப்பாட்டியை நாம் பார்த்ததே இல்லை; அவர் பெயரில் எந்த முகமும் ஒட்டியிருக்காது. அதனால்தான் அது மறுபடி புதிதாக ஒலிக்கிறது.

இங்கே பினாங்கில் இன்னொரு காரணமும் உண்டு. குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலில் கூட்டம் குறையவில்லை. ஆனால் மகளுக்கு மாரியாயி என்று பெயர் வைப்பவர் அரிது. ரப்பர் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர்கள், முனியம்மாவையும் மாரியாயியையும் அங்கேயே விட்டுவிட்டார்கள். அந்தப் பெயர்களின் இடத்தில் ஷ, ஸ, ஜ என்னும் வடமொழி ஒலிகள் குடியேறின. இப்போது ஆதிரை, யாழினி, முகிலன் எனத் தமிழ் திரும்புகிறது. என்றாலும் தோட்டத்துப் பெயர்களுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.

பெயரன்தான் பேரன் ஆனான், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பார்கள். மலேசிய அடையாள அட்டையிலோ தந்தை பெயர்தான் பின்னால் வரும். ஆகவே தாத்தா முனியாண்டி, தன் மகனின் அட்டையில் தங்கிவிடுகிறார். பேரனின் அட்டையில்தான் காணாமல் போகிறார்.