பழைய மண் அணையை வெட்டிவிட்டால் கண்டல் திரும்ப வருமா?

களப்போரம், அதாவது கடலோடு தொடுத்த உவர்நீர் ஏரிக்கரையில், இறால் வளர்க்கக் கட்டிக் கைவிட்ட மண் அணையை உடைத்தால் போதுமா, கண்டல் (அலையாத்தி) மரக் கன்றும் நட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தண்ணீருக்கு வழி விடுங்கள், நடுவதைப் பிறகு பார்க்கலாம்.

அணைக்கு உள்பக்கம் ஒருக்கால் நடந்து பாருங்கள். தரை வெடித்து உப்புப் பூத்திருக்கும். பட்ட மரங்களைச் சுற்றி வெண்கண்டலின் மூச்சுவேர்கள் பென்சில் நட்டதுபோல் காய்ந்து நிற்கும். மாரியில் தேங்கிய நீர் வடிய வழியில்லாமல் அந்த வேர்களை மூச்சுமுட்ட வைக்கும். கோடையில் அதே நீர் வற்றி உப்பை விட்டுச் செல்லும். அவரை விதைபோன்ற வெண்கண்டல் விதைகள் மிதந்துதான் பரவும். அணை அவற்றையும் மறித்துவிடுகிறது.

அணை முழுவதையும் வழிக்கத் தேவையில்லை. பழைய ஓடை எங்கே ஓடியது என்று ஊர்ப் பெரியவர்களையும் மீன்பிடிப்பவர்களையும் கேட்டு, அங்கே அகலமாக வெட்டுங்கள். நம் களப்பில் நீர்மட்டம் ஏறி இறங்குவது கொஞ்சம்தான். வெட்டும் ஆழம் சில அங்குலம் தவறினாலும் உள்ளே நீர் தேங்கிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னரே வேலையை முடியுங்கள்.

எல்லாத் தடுப்பும் ஒன்றல்ல. ஆனையிறவுத் தாம்போதி (களப்பைக் கடக்கப் போட்ட மேட்டுப் பாதை) யாழ்ப்பாணக் களப்பையும் சுண்டிக்குளப் பக்கத்தையும் பிரித்தது. தொண்டைமானாற்றுத் தடுப்பணையோ கடல்நீரை மறித்துக் கிணறுகளைக் காக்கக் கட்டியது. அதில் கைவைத்தால் சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் நன்னீர் உவராகும். உங்கள் அணைக்கருகே தோட்டக் கிணறு இருந்தால், உரிய திணைக்களத்தைக் கேட்காமல் மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.