வெள்ளை பூத்த குதிரை

அன்புள்ள அண்ணனுக்கு,

மராத்தியரும் ஆங்கிலேயரும் மோதிய அசாயே போரை மேசைமேல் பொம்மை வீரர்களை வைத்து ஆடுவதற்காக 28 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு குதிரைப்படையை வண்ணம் தீட்டி முடித்திருக்கிறேன். ஆங்கிலேயர் பக்கத்து 19ஆவது லைட் டிராகூன்கள் என்ற குதிரை வீரர்களும் மதராஸ் குதிரைப்படையும். மேலே எந்த வார்னிஷ் அடிக்கலாம்? பளபளப்பா, மினுக்கமே இல்லாத மேட்டா, நடுவாந்தரமாக சாட்டினா? போர்க்களத்துப் புழுதிக்கு மேட்தான் சரி என்கிறார்கள் நண்பர்கள். போன வாரம் சாயங்காலம் மொட்டைமாடியில் ஒரே ஒரு வீரனுக்கு மேட் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. காலையில் பார்த்தால் மாவு தூவியதுபோல் குதிரை முழுக்க வெள்ளை. டப்பா மட்டமான சரக்கு போலிருக்கிறது. வெளிநாட்டு டப்பா வாங்கலாமா? வீடு கடலுக்குப் பக்கம், உப்புக்காற்று பெயிண்டைக் கெடுக்குமா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

இத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ‘மழை அப்போதுதான் விட்டிருந்தது’ என்ற இடத்துக்கு மேல் படிக்க ஓடவில்லை. ஐப்பசி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டு வாசற்கதவு பாலிஷ் இல்லாமல் நிற்கிறது. வெயில் வரட்டும் என்று நானும் காத்திருக்கிறேன். இந்த நேரத்தில் உங்கள் கடிதம்.

டப்பாவைத் திட்டாதீர்கள். வெளிநாட்டு டப்பா வாங்கினாலும் அன்றைக்கு அதேதான் நடந்திருக்கும். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அடித்த பரப்பைக் குளிரவைத்துவிடும். காற்றில் ஈரம் அதிகம் என்றால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, காயாத வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்ளும். நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான். மேட் வார்னிஷில் ஒளியைச் சிதறடிக்க நுண்ணிய சிலிக்கா வேறு கலந்திருக்கிறார்கள். அது அடியில் தங்கிவிடும். டப்பாவை நன்றாகக் குலுக்காமல் அடித்திருந்தால் அந்தப் பழியும் உங்கள் தலையில்தான்.

எங்கள் சித்தப்பா வண்ணாரப்பேட்டையில் மரச்சாமான் பாலிஷ் வேலை செய்தவர். அவல்போல் தகடு தகடாக இருக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பஞ்சை மல்துணியில் சுருட்டி, அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்ப்பார். கை எங்கேயும் நிற்காது, நின்ற இடத்தில் துணி ஒட்டிக்கொள்ளும் என்பார். வேலைக்குக் கிளம்பும் முன்னால் சமையலறைக்குப் போய் கல்லுப்பு ஜாடிக்குள் கையை விடுவார். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். விரலில் ஈரமாக ஒட்டினால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். ஒரு கார்த்திகை மாதம், கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் சாயங்காலத்துக்குள் கட்டிலும் பீரோவும் வேண்டும் என்று வாசலில் நின்று கத்தினார். சித்தப்பா உள்ளே போய் உப்பு ஜாடியையே எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். அந்த மனிதர் இன்னும் உரக்கக் கத்தினார். வேலையும் கைவிட்டுப் போனது, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள், அன்று ராத்திரி சித்தியும் தன் பங்குக்குக் கத்தினாள்.

அந்த ஜாடியில் மந்திரம் ஒன்றும் இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சுத்தமான உப்பே கசிய ஆரம்பித்துவிடும். கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருப்பதால் அதற்கும் முன்னாலேயே கசியும். கறாரான காவல்காரன். உப்புக்காற்று கெடுக்குமா என்று கேட்டீர்களே, உப்பை உங்கள் வேலைக்கு ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் வரும் தூள் உப்பு வேண்டாம். கட்டி பிடிக்காமலிருக்க அதில் மருந்து சேர்த்திருப்பார்கள், அது உண்மை பேசாது.

வாடைக்காற்று அடிக்கும் இந்த மாதங்களில் நம் பக்கம் நாள் முழுக்கக் கடல் ஈரம்தான். ஸ்ப்ரேயை எடுத்து உள்ளே வையுங்கள். கோடையில் காலை பத்து மணிக்கு மேல், கடற்காற்று ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். அதற்காகக் கத்திரி வெயிலில் மாடிக்கு ஏறாதீர்கள். அப்போது வார்னிஷ் குதிரையைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து மணல்மணலாக உட்காரும்.

உங்கள்மீது கோபம் அந்த ஞாயிற்றுக்கிழமையால்தான். கடிவாளத்தின் கொக்கி வரைக்கும் பொறுமையாகத் தீட்டியிருக்கிறீர்கள், அனுப்பிய படத்தில் பார்த்தேன். குதிரையின் நெற்றியில் அந்த வெள்ளைச் சுட்டி அவ்வளவு அழகு. அப்படிப்பட்ட கைக்குக் கடைசி நாளில் என்ன அவசரம் வந்தது? நண்பர்கள் வருகிறார்கள் என்பதற்காக மழை ஈரத்தில் மாடிக்கு ஓடுவீர்களா?

நல்லவேளை, ஒரு குதிரையோடு நிறுத்தினீர்கள். அதையும் தூக்கிப்போடாதீர்கள். பாலிஷ் வெள்ளை பூத்தால் சித்தப்பா ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக ஒரு தடவு தடவுவார். அரக்கு கொஞ்சம் இளகி ஈரத்தை வெளியே விடும். உங்கள் குதிரையில் ஸ்பிரிட் பட்டால் பெயிண்டே போய்விடும், அந்த வேலை வேண்டாம். தண்ணீரில் கரையும் பளபளப்பு வார்னிஷை மெல்லிதாகத் தூரிகையால் பூசுங்கள். பெரும்பாலும் வெள்ளை மறையும். முழுக்க மறையாவிட்டால் அவனைப் பின் வரிசையில் நிறுத்துங்கள்.

சரி, நீங்கள் கேட்டது. தேய்மானம் தாங்குவது பளபளப்புதான். முதலில் அதை இரண்டு பூச்சு, நன்றாகக் காய்ந்தபின் மேலே மேட். ஆனால் குதிரைகளுக்கு மேட் வேண்டாம், சாட்டின். புழுதி என்கிறார்களே உங்கள் நண்பர்கள், 1803 செப்டம்பர் 23 அன்று நடந்ததைப் படித்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். அந்தக் குதிரைகள் காலையிலிருந்து நடந்து, கைத்னா ஆற்றில் இறங்கி ஏறி, அப்புறம்தான் குதிரைப்படைத் தலைவர் மாக்ஸ்வெல்லின் பின்னால் பாய்ந்தன. மாக்ஸ்வெல் அன்றே அங்கே செத்தார். வயிறுவரை நனைந்து வியர்த்த குதிரை மின்னாதா? கபிலநிறக் குதிரைக்கு மேட் அடித்தால் சுண்ணாம்புச் சுவரில் உரசிவிட்டு வந்ததுபோல் நிற்கும். வாளுக்கும் காலணிக்கும் மட்டும் கடைசியில் பளபளப்பைச் சின்னத் தூரிகையால் தொட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வார்னிஷ் இல்லாமலே ஆடுங்கள். அடித்தட்டைப் பிடித்துத் தூக்கினால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. வாளைப் பிடித்துத் தூக்குகிற நண்பர் யாராவது இருந்தால் அவருக்கு எதிரிப் பீரங்கிப்படையைக் கொடுத்துவிடுங்கள்.